விசா அசல், வேலைதான் இல்லை

லண்டனில் கேர் ஹோம் வேலை, விசாவும் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது இன்று பணம் கேட்டால், கையில் இல்லாத சரக்கை விற்கிறார் என்று பொருள். வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர்களைப் புதிதாக எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22-ஆம் தேதி நிறுத்திவிட்டது.

ஆள் பற்றாக்குறை தீர்ந்ததால் அல்ல. 2021-22-இல் இங்கிலாந்தின் பராமரிப்புத் துறையில் சுமார் 1,65,000 இடங்கள் காலி. கொடுக்கிற சம்பளத்துக்கு உள்ளூர்க்காரர்கள் வரவில்லை. கூலியை உயர்த்துவதைவிட விசா கொடுப்பது மலிவு; 2022 பிப்ரவரியில் கொடுத்தார்கள். வந்தவர்களின் எண்ணிக்கை அரசியலானதும், 2024 மார்ச்சில் குடும்பத்தை அழைத்துவரத் தடை போட்டார்கள். அடுத்த ஆண்டு வழியே அடைபட்டது.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. குடிவரவுத் தலைமை ஆய்வாளராக இருந்த டேவிட் நீலின் அறிக்கை 2024 மார்ச்சில் வெளியானது. இல்லாத ஒரு கேர் ஹோமின் பெயரில், விசாவுக்கு வேலை தரும் நிறுவனம் வழங்க வேண்டிய ஸ்பான்சர் சான்றிதழ்கள் (சி.ஓ.எஸ்.) 275. நான்கே ஊழியர்கள் இருப்பதாகச் சொன்ன இன்னொரு நிறுவனத்துக்கு 1,234. இந்தச் சான்றிதழ்களை ஒதுக்கியது பிரிட்டன் உள்துறைதான். ஆகவே போலி விசாவா என்று மட்டும் சோதித்துப் பார்ப்பவர் இதில் தப்ப முடியாது.

2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை இத்துறையில், வெளிநாட்டினரை வேலைக்கு எடுக்க முதலாளிகளுக்குத் தரப்படும் ஸ்பான்சர் உரிமங்கள் 470-க்கும் மேல் ரத்தாயின. தண்டனை முதலாளிக்கு, ஆனால் விசா அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. உரிமம் போனால் பணியாளருக்கு உள்துறைக் கடிதம் வரும்: வழக்கமாக 60 நாள், அதற்குள் வேறு ஸ்பான்சர், இல்லாவிட்டால் ஊர். ஊரிலோ நகையை அடகு வைத்த வட்டி ஓடிக்கொண்டிருக்கும். சம்பளம் தரவில்லை, சொன்ன மணிநேரம் தரவில்லை என்று புகார் செய்தால் முதலாளியின் உரிமம் பறிபோகலாம், கூடவே தன் விசாவும். எத்தனை பேர் வாய் திறப்பார்கள்?

செவிலியர் போன்ற பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்கு வழி இன்னும் உண்டு. பணம் கறப்பவர்கள் இனி அந்தப் பக்கம் திரும்புவார்கள். சான்றிதழுக்கான கட்டணத்தைப் பணியாளர் தலையில் கட்டக் கூடாது என்பது 2024 இறுதியிலிருந்து பிரிட்டன் விதி. இந்தியாவில் பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்கில் கேட்கும்போதே சட்டம் மீறப்பட்டுவிட்டது.

உரிமம் உள்ள ஸ்பான்சர்களின் பட்டியல் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. பார்க்கலாம், ஆனால் 1,234 சான்றிதழ் பெற்ற நிறுவனத்துக்கும் உரிமம் இருந்தது.