கொழுப்பைக் கரைக்கும் மாத்திரையா? கல்லீரல் பத்திரம்!

2002ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தொலைக்காட்சி நடிகை ஆண்ட்ரியா டி குரூஸ், ‘ஸ்லிம் 10’ என்ற மெலிவு மாத்திரையைச் சாப்பிட்டுக் கல்லீரல் செயலிழந்து உயிருக்குப் போராடினார். காதலர் பியர் பிங் தம் கல்லீரலில் ஒரு பகுதியைத் தந்ததால் பிழைத்தார். அதே மாத்திரையைச் சாப்பிட்ட வேறொரு பெண் இறந்துபோனார். சீன மருந்தாக விற்கப்பட்ட அதில், லேபிளில் குறிப்பிடாத ஃபென்ஃபுளூரமின் என்ற ரசாயனம் கலந்திருந்தது.

இத்தகைய மாத்திரைகள் இன்றும் இணையத்திலும் கைப்பேசிக் குழுக்களிலும் விலைபோகின்றன. அவற்றை நம்புமுன் உடல் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொழுப்பு எப்படிச் செரிக்கிறது?

சிங்கப்பூர்த் தேக்காவில் சாப்பிடும் பிரியாணியின் நெய்யும் வடையின் எண்ணெயும் பெரும்பாலும் சிறுகுடலில்தான் செரிக்கின்றன. கல்லீரல் சுரக்கும் பித்தநீர், பாத்திரப் பிசுக்கைச் சோப்பு பிரிப்பதுபோல, கொழுப்பை நுண்துளிகளாக்குகிறது. கணையத்திலிருந்து வரும் லைப்பேஸ் நொதி ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறிலிருந்தும் இரண்டு கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுக்க, குடல் அவற்றை உறிஞ்சிக்கொள்கிறது.

தொப்பையில் சேர்ந்த கொழுப்பின் கதை வேறு. அதை உடைக்கும் லைப்பேஸ்கள் கொழுப்புச் செல்களுக்குள்ளேயே இருக்கின்றன. உண்பதைவிட அதிக ஆற்றலைச் செலவழித்தால்தான் அந்தச் சேமிப்பு குறையும். கொழுப்பைக் கரைக்கும் என்று நம்பி விழுங்கும் நொதி மாத்திரை அங்கே போய்ச் சேராது. நொதி ஒரு புரதம் என்பதால் அதுவும் செரித்துவிடும். கணையம் பழுதானவர்களுக்கு மருத்துவர் தரும் நொதிக் காப்ஸ்யூல் உணவைச் செரிக்க வைப்பதற்கே. எடை குறைக்கத் தரும் ஆர்லிஸ்டாட் மருந்தோ லைப்பேஸைத் தடுத்து, உண்ட கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் செரிக்காமல் வெளியேற்றுகிறது. சேர்ந்த கொழுப்பை அது நேரடியாகக் கரைப்பதில்லை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், எண்ணெய்ப் பிசுக்குடன் மிதக்கும் மலம் ஆகியவை தெரிந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பரவும் கடும் வலி கணைய அழற்சியாக இருக்கலாம், 995ஐ அழையுங்கள்.

உங்கள் உரிமைகள்

மாத்திரை, பெட்டி, ரசீது, விற்றவரோடு பேசிய குறுஞ்செய்தி எதையும் வீசிவிடாதீர்கள். சுகாதார அறிவியல் ஆணையத்திடம் புகார் கொடுங்கள். கலப்பட மருந்து விற்பவருக்கு 3 ஆண்டுவரை சிறை, 100,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பணத்தைத் திரும்பப் பெறச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் உண்டு. உடல்நலக் கேட்டுக்கு இழப்பீடு கேட்டுத் தனியே வழக்குத் தொடரலாம். பொதுவாக 3 ஆண்டுக்குள் தொடர வேண்டும். ஆண்ட்ரியா தொடுத்த வழக்கில் 2003இல் உயர்நீதிமன்றம் 900,000 வெள்ளிக்கு மேல் இழப்பீடு வழங்கியது. மாத்திரையை இறக்குமதி செய்த நிறுவனமும் விநியோகித்த நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

வொர்க் பர்மிட்டில் இருக்கும் அண்ணன் தம்பிகளே, அக்கா தங்கைகளே, உங்கள் சிகிச்சைக்கு முதலாளி பொறுப்பு. 2023 ஜூலை 1 முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுப்பதும் அவர் கடமை. மறுத்தால் மனிதவள அமைச்சிடம் முறையிடுங்கள். செலவுக்கு அஞ்சி வலியைப் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை.