கான்கிரீட் மூடும் முன்னே: வீடு கட்ட நம்பகமான ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மூன்று ஒப்பந்ததாரர்களிடம் விலை கேட்கிறது ஒரு குடும்பம். அதில் ஒருவர் மற்ற இருவரையும்விடச் சதுர அடிக்கு 300 ரூபாய் குறைத்துச் சொல்கிறார். மூன்று லட்சம் மிச்சம் என்று கணக்குப் போட்டு அவரிடமே வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். ரூஃப் போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது. அந்த விலையில் சம்ப் இல்லை, செப்டிக் டேங்க் இல்லை, மதில் சுவர் இல்லை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் இல்லை. போர்ட்டிகோவும் மாடிப்படி ஹெட்ரூமும் முழுப் பரப்பாகக் கணக்கில் ஏறியிருக்கின்றன. “அதெல்லாம் எக்ஸ்ட்ரா சார்” என்கிறார் ஒப்பந்ததாரர். மிச்சமாகும் என்று நினைத்த மூன்று லட்சமும் போய், கடனும் வாங்க வேண்டியதாகிறது.

தமிழ்நாட்டில் சொந்த மனையில் வீடு கட்டிய பலரும் இந்தக் கதையை ஏதோ ஒரு வடிவில் சொல்வார்கள். பாதி வேலையில் ஆளே காணாமல் போனது, கிரகப்பிரவேசம் முடிந்த முதல் மழையிலேயே கூரை ஒழுகியது என்று கதைகள் வேறுபடலாம். ஆனால் தவறு நேரும் இடங்கள் பெரும்பாலும் இரண்டுதான். எழுத வேண்டியதை எழுதாமல் விடுவது ஒன்று. நடந்த வேலைக்கு மேல் பணத்தைக் கொடுத்துவிடுவது மற்றொன்று. இந்த இரண்டையும் அடைத்துவிட்டால் ஏமாற்ற நினைப்பவருக்கு வழி வெகுவாகக் குறைந்துவிடும்.

ரெரா சட்டம் எட்டாத இடம்

‘ரெரா இருக்கிறதே, பயம் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அடுக்குமாடி வீடு வாங்குவோருக்கு உண்மையிலேயே பலமான கவசம். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து முறையிட்டால், கட்டுநர் 30 நாட்களில் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும்.

ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலம், அல்லது எட்டுக்கு மிகாத குடியிருப்புகள் என்றால் அந்தச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. சொந்த மனையில் தனக்காக ஒரு வீட்டைக் கட்டிக்கொள்பவருக்கும் அவருடைய ஒப்பந்ததாரருக்கும் இடையிலான உறவு ரெராவின் வரம்புக்குள் வருவதில்லை.

அதோடு, 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையவழியில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. பணி நிறைவுச் சான்று வாங்கும் அலைச்சலும் இல்லை. மக்களுக்கு இது பெரிய நிம்மதி. அதேசமயம், கட்டடத்தைப் பார்க்க அரசுத் தரப்பிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். பார்க்கிற பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரருடையது.

யாரிடம் விசாரிப்பது?

ஒப்பந்ததாரர்கள் கட்டிய வீட்டைக் காட்டச் சொன்னால் புதுப் பெயின்ட் மணக்கும் வீட்டுக்கே அழைத்துப் போவார்கள். அதைவிட இரண்டு மூன்று மழைக்காலம் கண்ட வீட்டைக் கேட்டுப் பார்ப்பது பயன் தரும். மாடிக் குளியலறைக்கு நேர் கீழே உள்ள கூரை, சன்ஷேடு சுவரோடு சேரும் இடம், தரையிலிருந்து இரண்டடி உயரம் வரையிலான சுவர் ஆகிய மூன்றிலும் ஈரக்கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்காரரிடம் ஒப்பந்ததாரர் பக்கத்தில் இல்லாதபோது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: சொன்ன தேதியில் முடித்தாரா? பேசிய தொகைக்கு மேல் எவ்வளவு ஆனது? குறை என்று கூப்பிட்டபோது வந்தாரா?

அடுத்து விசாரிக்க வேண்டிய இடம் சிமெண்ட்-கம்பிக் கடை. அந்தப் பகுதியில் யார் பாக்கி வைக்கிறார், யார் கணக்கைச் சரியாக முடிக்கிறார் என்பது கடைக்காரருக்குத் துல்லியமாகத் தெரியும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்பதும் நல்ல அளவுகோல். ஆட்களுக்குக் கூலி பாக்கி வைப்பவரின் கையில் பணம் இல்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் இன்று வாங்கும் அட்வான்ஸ், நேற்று நின்றுபோன இன்னொரு சைட்டுக்குப் போய்விடும். ஒரே நேரத்தில் எத்தனை சைட் ஓடுகிறது என்று கேட்பது அதனால்தான் முக்கியம்.

இரண்டே நாளில் முடிவு சொல்லச் சொல்பவர், ரொக்கம் மட்டும் கேட்பவர், பில் தர மறுப்பவர், நடந்துகொண்டிருக்கும் சைட்டைக் காட்டத் தயங்குபவர் ஆகியோரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. “எதுக்கு சார் அக்ரிமென்ட், நமக்குள்ள நம்பிக்கை இல்லையா?” என்று கேட்பவரிடம் இன்னும் கூடுதல் எச்சரிக்கை தேவை. சொந்தக்காரர், ஊர்க்காரர், நண்பரின் மைத்துனர் என்ற காரணத்துக்காக எழுதாமல் விடுவதும் கூடாது. உறவு முறிவதற்கே அது காரணமாகிவிடுகிறது.

எழுத்தில் இருக்க வேண்டியவை

சதுர அடி விலையை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது ஒப்பந்தமாகாது. எந்தப் பரப்பைச் சதுர அடியாகக் கணக்கிடுவது, பால்கனி, போர்ட்டிகோ, ஹெட்ரூம் முழுப் பரப்பா பாதிப் பரப்பா என்பது முதலில் தீர வேண்டும். விலைக்குள் அடங்காதவை என்னென்ன என்ற பட்டியல் தனியாக வேண்டும். கடைக்கால் எத்தனை அடி ஆழம், கான்கிரீட் எந்தத் தரம், கம்பியும் சிமெண்டும் எந்த நிறுவனத்துடையவை, டைல்ஸுக்குச் சதுர அடிக்கு எத்தனை ரூபாய், கதவு என்ன மரம், ஒயரும் சுவிட்சும் எந்த பிராண்டு என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். ‘முதல் தரம்’, ‘நல்ல குவாலிட்டி’ போன்ற சொற்களை வைத்துக்கொண்டு எந்த மன்றத்திலும் வாதாட முடியாது.

ஜிஎஸ்டி விலைக்குள் அடக்கமா தனியா, கட்டுமானத்துக்கான தண்ணீரும் மின்சாரமும் யார் செலவு, தொழிலாளருக்கு விபத்து நேர்ந்தால் காப்பீடு யார் பொறுப்பு, தாமதமானால் வாரத்துக்கு எவ்வளவு கழிவு, ஒப்படைத்த பிறகு எத்தனை ஆண்டு பழுதுக்குப் பொறுப்பு ஆகியவையும் இடம்பெற வேண்டும். நடுவில் ஏதாவது மாற்றம் கேட்டால் அதற்கான தொகையைப் பேசி, குறைந்தது வாட்ஸ்அப்பிலாவது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே வேலை தொடங்க வேண்டும்.

ஒப்பந்ததாரர் தரப்பு நியாயமும் இதில் உண்டு. கட்டிய சுவரை இடித்து ஜன்னலை நகர்த்தச் சொல்லிவிட்டுப் பணம் தர மறுக்கும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். கம்பி விலை திடீரென்று ஏறும்போது நேர்மையான ஒப்பந்ததாரரும் திணறிப்போகிறார். விலை எத்தனை சதவீதம் ஏறினால் யார் ஏற்பது என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் இருவருக்கும் பாதுகாப்பு. நல்ல ஒப்பந்ததாரர்கள் விரிவான ஒப்பந்தத்தை வரவேற்பதற்கு இதுவே காரணம்.

பணம் எப்போது, எவ்வளவு?

ஒப்பந்தம் போட்டவுடன் 30 சதவீதம், ரூஃப் போட்டவுடன் 80 சதவீதம் என்று கொடுத்துவிடுபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ரூஃப் முடிந்தால் வீடே முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால் பூச்சு, ஒயரிங், பிளம்பிங், தரை, கதவு, பெயின்ட் என்று காசு தின்னும் வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகே வருகின்றன. வாங்க வேண்டியதை வாங்கிவிட்ட ஒப்பந்ததாரருக்கு அந்த வேலையில் ஆர்வம் குறைந்துவிடுகிறது.

முன்பணத்தை 5 முதல் 10 சதவீதத்துக்குள் நிறுத்தி, மீதியைக் கடைக்கால், பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப், பூச்சு, தரை, பெயின்ட் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு கொடுப்பதே சரியான முறை. கடைசி 5 சதவீதத்தையாவது ஒரு மழைக்காலம் கழியும்வரை கையில் வைத்திருக்க இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்ளலாம். பணம் வங்கி வழியாகவே போக வேண்டும்.

வங்கிக் கடனில் கட்டுபவர்கள், வங்கியின் பொறியாளர் வந்து பார்க்கிறாரே என்று இருந்துவிடக் கூடாது. எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது, அடுத்த தவணையை விடுவிக்கலாமா என்பதைப் பார்ப்பதே அவர் வேலை. தரத்தைக் கண்காணிக்க, ஒப்பந்ததாரரோடு தொடர்பில்லாத ஒரு சிவில் பொறியாளரைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. கடைக்கால் குழி, ஃபூட்டிங் கம்பி, பிளிந்த் பீம், லிண்டல், ரூஃப் கம்பி ஆகிய ஐந்து கட்டங்களில், கான்கிரீட் போடுவதற்கு முன்னால் அவர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டால் போதும். அதற்காகும் கட்டணம் மொத்தச் செலவில் சிறு துளிதான்.

வீட்டுக்காரரே பார்க்கக்கூடியவை

கம்பியிலிருந்து தொடங்கலாம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 எம்.எம். கம்பி மீட்டருக்கு 888 கிராம். 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி ஏறத்தாழ 10.66 கிலோ இருக்க வேண்டும். தரவிதி அனுமதிக்கும் ஏற்ற இறக்கத்தைக் கழித்தாலும் 10 கிலோவுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஒரு கம்பியைத் தராசில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். ஒவ்வொரு கம்பியிலும் தயாரிப்பாளர் பெயரும் ஐஎஸ்ஐ முத்திரையும் பொறித்திருக்கிறதா என்பதையும் பார்க்கலாம்.

கான்கிரீட் போடும் நாளில் வீட்டுக்காரர் சைட்டில் இருந்தே தீர வேண்டும். கலவை கெட்டியாக இருக்கிறது, தள்ள முடியவில்லை என்று மிக்சரில் கூடுதலாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவது பல இடங்களில் நடக்கிறது. இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456இன்படி, எம்-20 சாதாரணக் கலவைக்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர்தான் உச்ச வரம்பு. அதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் காய்ந்த பிறகு கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளாக மிஞ்சி அதன் வலுவைக் குறைக்கிறது. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, அல்லது உடைந்த ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்திருக்கிறார்களா என்பதும் கண்ணால் பார்க்கக்கூடியதே. கவர் குறைந்தால் சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்துக் கூரைப் பூச்சைத் தள்ளிவிடும்.

அடுத்தது தண்ணீர் கட்டுவது. பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது அதே தரவிதி. 4.5 மீட்டர் வரையிலான ரூஃபுக்கு அடியில் உள்ள முட்டுகளை 7 நாளுக்கு முன்னும், அதைவிட நீளமானதில் 14 நாளுக்கு முன்னும் எடுக்கக் கூடாது. இது சாதாரண போர்ட்லாந்து சிமெண்டுக்குரிய கணக்கு. கலப்புச் சிமெண்ட் என்றால் மேலும் சில நாள் பொறுக்க வேண்டும். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஓடுவதால் அவசரப்படுபவர்கள் உண்டு.

பூச்சு வேலையை அலட்சியமாக விடக் கூடாது. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அரசுக் குடியிருப்பில் சுவர்ப் பூச்சு கையால் தொட்டாலே உதிர்ந்ததைத் தமிழகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஐஐடி வல்லுநர்களை அழைத்து ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. அரசின் கண்காணிப்பு இருந்த இடத்திலேயே அப்படி என்றால், யாரும் வந்து பார்க்காத தனி வீட்டில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூசு வருகிறதா என்பதைக் கையில் அள்ளிப் பார்த்தாலே ஓரளவு புரியும். மாவுபோல ஒட்டினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பலாம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரியின் உட்புற நீள, அகல, உயரத்தை டேப் வைத்து அளந்து பார்த்தே லோடை இறக்க வேண்டும்.

பிளம்பரின் குழாய்களைப் பூச்சால் மூடும் முன் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்க வேண்டும். குளியலறைத் தரைக்கு டைல்ஸ் ஒட்டும் முன் தண்ணீர் தேக்கி ஒரு நாளாவது விட வேண்டும். எலக்ட்ரீஷியன் சுவருக்குள் ஒயர் ஓட்டிய பாதையைப் போட்டோ எடுத்து வைத்தால் பிற்காலத்தில் ஆணி அடிக்கும்போதுகூட உதவும்.

வேலை பாதியில் நின்றால்

மீண்டும் கொஞ்சம் பணம் கொடுத்தால் வந்துவிடுவார் என்று கொடுப்பதே பலரும் செய்யும் இரண்டாவது தவறு. முதலில் கட்டடத்தைப் போட்டோவும் வீடியோவும் எடுக்க வேண்டும். பிறகு ஒரு பொறியாளரை வைத்து, முடிந்த வேலையின் மதிப்பு என்ன, கொடுத்த பணம் எவ்வளவு, குறைகள் என்னென்ன என்று எழுத்தில் அறிக்கை வாங்க வேண்டும். புது ஆள் கை வைத்த பிறகு பழைய குறையை நிரூபிப்பது கடினம். அடுத்து, கெடு வைத்து, ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

காவல் நிலையத்தில் பெரும்பாலும் ‘இது சிவில் மேட்டர்’ என்ற பதில்தான் வரும். மோசடி வழக்காக நிற்க, தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். அது எளிதல்ல.

எளிதான வழி நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தின்படி ‘சேவை’ என்று 1993லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 சட்டத்திலும் வீட்டுக் கட்டுமானம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. நிலத்தைக் கட்டுநரிடம் கொடுத்து, கட்டியதில் பங்கு பெறும் நில உரிமையாளரும் நுகர்வோரே என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை கொடுத்தவருக்கும் கட்டணம் 1,000 ரூபாய்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்பதால், ஒப்பந்ததாரர் ‘அடுத்த மாசம் வர்றேன்’ என்று சொல்லச் சொல்ல நாளைக் கடத்திவிடாதீர்கள்.