ஆகாய விமானமும் ஆரணித் தறியும்

விமான நிலையத்தின் லாபத்தில் அண்டை ஊருக்கு என்ன பங்கு?

ஆரணிப் பட்டு என்றால் தெரியாதவர் இல்லை. அந்தப் பட்டு நெய்யும் ஊர்களில் ஒன்று சேவூர். திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணியை அடுத்து இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு கடல் கடந்தும் போகிறது. கல்யாணச் சீராகப் பெட்டிக்குள் ஏறி, விமானத்தில் பறக்கிறது.

சேலை பறக்கிறது. நெய்தவருக்கு விமான நிலையத்தால் என்ன லாபம்?

இந்தக் கேள்விக்கு, "ஒன்றும் இல்லை" என்று பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது சரியான பதில் அல்ல. விமான நிலையங்கள் சம்பாதிக்கும் பணத்தில் ஒரு பங்கு பொதுமக்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நம் நாட்டில் ஏற்பாடு இருக்கிறது. கைத்தொழிலுக்கும் அதில் இடம் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாது. தெரியாததால் கேட்பதில்லை. கேட்காததால் கிடைப்பதில்லை.

ஏன் கொடுக்க வேண்டும்?

விமான நிலையம் வந்தால் நாட்டுக்கு நன்மை. பிரயாணிகளுக்கு வசதி. வியாபாரம் பெருகும். ஆனால் அதன் பக்கத்தில் குடியிருப்பவர்களின் நிலைமை வேறு.

சென்னை விமான நிலையத்தைச் சுற்றி பொழிச்சலூர், பம்மல், கவுல் பஜார், கொளப்பாக்கம் என்று பல ஊர்கள் இருக்கின்றன. தலைக்கு மேல் விமானம் போகும்போது வீட்டில் பேச்சு நின்றுவிடும். தொட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். சொந்த மனையில் மாடி கட்டுவதற்கும் உயரக் கட்டுப்பாடு உண்டு.

விமானத்தில் பறக்கிறவர் ஒருவர். சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறவர் இன்னொருவர். ஆகவே அண்டை ஊருக்கு விமான நிலையம் செய்யும் உதவியைப் பிச்சை என்று சொல்ல முடியாது. அது ஒரு கடன். அயல் வீட்டாருக்குத் தொல்லை கொடுக்கிறவன் அவர்களுக்கு உதவியாகவும் இருக்க வேண்டும் அல்லவா?

சத்தம் போட்டால் அபராதம்!

இந்தக் கடனை நேராகவே அடைக்கும் ஊர் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. அதன் பெயர் மான்செஸ்டர். நெசவாளர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. மான்செஸ்டர் மில் துணி கப்பலில் வந்து இறங்கி, நம் நாட்டுக் கைத்தறிகளை முடக்கிப் போட்ட கதையை எல்லோரும் அறிவார்கள்.

அந்த நகரத்து விமான நிலையம் 1997-ஆம் ஆண்டு ஒரு நிதியை ஏற்படுத்தியது. குறித்த அளவுக்கு மேல் சத்தம் போடும் விமானத்துக்கு அங்கே அபராதம் உண்டு. அந்த அபராதப் பணம் விமான நிலையத்தின் பெட்டிக்குப் போவதில்லை. அண்டை மக்களுக்கான நிதியில் சேருகிறது. விமான நிலையமும் தன் பங்குக்குப் பணம் போடுகிறது.

சுற்றுவட்டாரத்தில் உள்ள சங்கங்களும் அறநிலையங்களும் இந்த நிதியிலிருந்து உதவி கேட்கலாம். ஒரு வேலைக்கு மூவாயிரம் பவுண்டு வரை கொடுப்பது வழக்கம். சத்தத்தால் அதிகம் பாதிக்கப்படும் இடங்களுக்கே முதல் கவனிப்பு. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் குழுவில் அண்டை நகராட்சிகளின் பிரதிநிதிகளும் உட்காருகிறார்கள்.

தொகை சிறியதுதான். ஆனால் தொல்லையை அனுபவிக்கிறவருக்கே பணம் போகிறது. ஊர்க்காரர்களுக்கும் முடிவில் குரல் இருக்கிறது. கவனிக்க வேண்டியது இந்த இரண்டும்தான்.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் புதிதாக வந்தது. அதன் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம், அல்லது 1,000 கோடி ரூபாய் வியாபாரம், அல்லது 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு உள்ள கம்பெனி சமூகப் பணிக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

எவ்வளவு? மூன்று ஆண்டு லாபத்தின் சராசரியில் நூற்றுக்கு இரண்டு.

கணக்கு எளிது. ஒரு கம்பெனிக்கு முதல் ஆண்டு 90 கோடி லாபம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு 100 கோடி. மூன்றாம் ஆண்டு 110 கோடி. சராசரி 100 கோடி. அதில் 2 கோடி ரூபாய் சமூகப் பணிக்குப் போக வேண்டும்.

அந்தப் பணத்தைச் செலவிடும்போது, கம்பெனி இருக்கும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. எந்தெந்தப் பணிக்குச் செலவிடலாம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. கல்வி, மருத்துவம், குடிநீர், சுகாதாரம் ஆகியவை அதில் இருக்கின்றன. பாரம்பரியக் கலைகளையும் கைத்தொழில்களையும் வளர்ப்பதும் இருக்கிறது. தறிக்காரருக்கும் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று பொருள்.

கம்பெனிகள் நடத்தும் விமான நிலையங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தும். சென்னை விமான நிலையத்தை நடத்துவது மத்திய அரசின் இந்திய விமான நிலைய ஆணையம். 1995 ஏப்ரல் 1 அன்று அமைக்கப்பட்டது. அதுவும் சமூகப் பணிகளுக்குப் பணம் ஒதுக்கி வருகிறது.

கொச்சியும் ஹைதராபாத்தும்

பணம் கொடுப்பது ஒரு வகை. பிழைப்புக்கு வழி காட்டுவது இன்னொரு வகை.

கேரளத்தில் நெடும்பாசேரியில் உள்ள கொச்சி விமான நிலையம் 1999 மே 25 அன்று திறக்கப்பட்டது. வெளிநாடுகளில் உழைத்த மலையாளிகள் போட்ட பணமும் சேர்ந்து உருவான நிலையம் அது. அதற்காக வீடு வாசலை விட்டு எழுந்தவர்களுக்கு மாற்று மனை கொடுத்ததோடு விட்டுவிடவில்லை. விமான நிலையத்தில் வேலையும், பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் டாக்ஸி ஓட்டும் உரிமையும் தந்தார்கள். மண்ணை இழந்தவருக்கு மாதா மாதம் வருமானம் வர ஒரு வழி பிறந்தது.

ஹைதராபாத்தை அடுத்த சம்ஷாபாத்தில் 2008-ஆம் ஆண்டு புதிய விமான நிலையம் வந்தது. அதை நடத்தும் ஜி.எம்.ஆர். குழுமத்தின் வரலட்சுமி அறக்கட்டளை, அக்கம்பக்கத்து இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி நிலையம் வைத்தது. மின்சார வேலை, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பது, தையல் போன்ற தொழில்களைக் கற்றுக்கொடுத்தது. பெண்கள் செய்த பொருள்களை விமான நிலையத்திலேயே விற்கவும் ஏற்பாடு செய்தது.

ஒரு நாள் சாப்பாடு போடுவதும் உதவிதான். உலை வைக்க வழி செய்வது அதைவிடப் பெரிய உதவி.

பதினைந்து நாள் கடை

சேவூருக்கு வருவோம். சென்னை விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. சேவூர் எப்படி அதற்கு அண்டை ஊர் ஆகும்?

2022-ஆம் ஆண்டு இந்திய விமான நிலைய ஆணையம் ஒரு திட்டம் கொண்டு வந்தது. அதன் பெயர் 'அவசர்'. காதில் விழும்போது 'அவசரம்' போல இருக்கும். ஆனால் இந்தியில் அதற்கு 'வாய்ப்பு' என்று பொருள்.

விமான நிலையத்துக்குள் 100 முதல் 200 சதுர அடி வரை இடம் ஒதுக்குவார்கள். அந்த வட்டாரத்து மகளிர் சுய உதவிக் குழுக்கள் அங்கே தங்கள் பொருள்களை விற்கலாம். ஒரு குழுவுக்குப் பதினைந்து நாள். பிறகு அடுத்த குழுவின் முறை. சென்னை விமான நிலையம் இத்திட்டம் முதலில் தொடங்கிய நிலையங்களில் ஒன்று. அப்பளம், ஊறுகாய் முதல் கைத்தறித் துணி வரை இப்படி விற்கலாம்.

தமிழ்நாட்டுக்கு மகளிர் குழு புதிதல்ல. 1989-ஆம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய இயக்கம் ஊர்தோறும் பரவியது.

நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கு இது ஏன் முக்கியம்? பட்டு நெசவு ஒருவர் வேலை அல்ல, குடும்பத்தின் வேலை. தறியில் உட்காருகிறவர் ஒருவர் என்றால், ராட்டையில் தார் சுற்றித் தருவது இன்னொருவர். பெரும்பாலும் அந்த இன்னொருவர் வீட்டுப் பெண்தான். பல வீடுகளில் பட்டும் சரிகையும் முதலாளி கொடுத்தது. நெய்து கொடுத்தால் கூலி. அந்தக் கூலியில் தார் சுற்றிய கைக்குத் தனிக் கணக்கு கிடையாது. அவள் பெயரில் ஒரு குழு, அந்தக் குழுவின் பெயரில் ஒரு கடை என்றால், அவள் உழைப்புக்கும் கணக்கு வரும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கடைக்கு இடம் கிடைத்தால் மட்டும் போதாது. சரக்கு வேண்டும். ஒரு பட்டுச் சேலை தறியை விட்டு இறங்கப் பல நாள் ஆகும். பட்டும் சரிகையும் விலை அதிகம். சொந்த முதல் இல்லாத குழு பதினைந்து நாளுக்கு எதை அடுக்கி வைக்கும்? இங்கேதான் சமூகப் பணிக்கான பணம் உதவ வேண்டும். நூல் வாங்க முதல், புதிய வடிவங்கள் போடப் பயிற்சி, கைப்பை, சால்வை போன்ற சிறு பொருள்கள் செய்யத் தையல் இயந்திரம் ஆகியவை கிடைத்தால், பதினைந்து நாள் கடை ஆண்டு முழுவதும் சோறு போடும். கிடைக்காவிட்டால் அது பதினைந்து நாள் திருவிழாவாகவே முடியும்.

கேட்பது எப்படி?

இந்த உதவியைத் தனி ஆள் போய்க் கேட்க முடியாது. கம்பெனி தானே நேராகப் பணியைச் செய்யலாம். அல்லது பதிவு பெற்ற அறக்கட்டளை, சங்கம் மூலம் செய்யலாம். அந்த அறக்கட்டளை மூன்று ஆண்டாவது வேலை செய்திருக்க வேண்டும். வருமான வரித் துறையில் அறநிலையத்துக்கான பதிவும் பெற்றிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசிடமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆகவே மகளிர் குழுக்கள் இப்படிப்பட்ட நல்ல நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து கேட்பதே வழி.

எந்தப் பணியை எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். விமான நிலைய ஆணையம் அரசு நிறுவனம். ஆகையால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டி யாரும் கணக்குக் கேட்கலாம்.

நிலத்துக்கு ஈடாகுமா?

நன்கொடைக்கும் ஓர் எல்லை உண்டு. காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2022-ல் அறிவிப்பு வந்தது. ஏகனாபுரம் முதலிய ஊர்களின் மக்கள் எதிர்த்தார்கள். நிலமும் ஏரியும் போனால் வாழ்வு போகும் என்றார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டடம், ஆஸ்பத்திரிக்கு ஒரு கருவி கொடுத்துவிட்டால் அந்தக் கணக்கு நேராகிவிடாது. நிலத்துக்கு உரிய விலையும் மறுவாழ்வும் தனி உரிமை. நன்கொடை அதற்கு மேல் வருவது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கக் கூடாது.

வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்தில் ஒரு பழைய விமானத் தளம் இருக்கிறது. ஆரணி வட்டாரத்துக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். அதை மீண்டும் பயன்படுத்துவதற்காக, மத்திய அரசின் 'உடான்' திட்டத்தில் பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அங்கிருந்து பிரயாணிகள் பறக்கும் காலத்தில் சேவூர்க்காரர்கள் தூரத்து ஊர்க்காரர்களாக இருக்க மாட்டார்கள். அண்டை வீட்டுக்காரர்களாக இருப்பார்கள்.

அதற்கு முன்பே குழுவைச் சேர்த்து, பதிவை முடித்து, என்ன வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பாவு ஓட்டிய பிறகுதானே தறியில் உட்கார முடியும்?