பாதி துடைத்த மேசை

தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் பனிக்கட்டியானால் இன்னும் அரை டம்ளர் இடம் கேட்கும். கண்ணாடி விட்டுக்கொடுக்காது, வெடிக்கும். அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல் 1916-ல் எழுதிய ‘ட்ரைஃபிள்ஸ்’ என்ற ஓரங்க நாடகத்தில் செர்ரிப் பழப்பாகு ஜாடிகள் அப்படித்தான் வெடித்துக் கிடக்கின்றன. வீட்டுக்காரர் கழுத்தில் கயிறு இறுகிச் செத்திருக்கிறார். மனைவி மின்னி சிறையில். அடுப்பு அணைந்தால் ஜாடிகள் போய்விடுமே என்பது அவள் கவலை. கொலைப்பழி தலைமேல் இருக்க ஜாடிக் கவலையா என்று சிரித்துவிட்டு, விசாரிக்க வந்த ஆண்கள் துப்புத் தேடி மாடிக்கும் தொழுவத்துக்கும் போகிறார்கள்.

மின்னிக்குத் துணிமணி எடுக்க வந்த இரண்டு பெண்கள் சமையலறையிலேயே நிற்கிறார்கள். மேசை பாதி துடைத்தபடி கிடக்கிறது. வேலைக்கு நடுவே ஏதோ குறுக்கிட்டிருக்கிறது. கூடையில் ஒட்டுத்துணி விரிப்பு. பழகிய கை யோசிக்காமலே ஒரே இடைவெளியில், ஒரே இழுப்பில் தையல் போடும்; மனசு பதறினால் முதலில் கெடுவது அந்த ஒழுங்குதான். மற்ற தையலெல்லாம் சீராக இருக்க, ஒரு துண்டில் மட்டும் கோணல்மாணல். அதைப் பார்த்த மிஸஸ் ஹேல், இருவரில் ஒருத்தி, பேசிக்கொண்டே பிரித்து, நேராகத் தைத்துவிடுகிறாள். சாட்சியம் நம் கண்முன்னே காணாமல் போகிறது! தையல் பெட்டிக்குள் கழுத்து திருகிய கானரிப் பறவை, அதையும் ஒளித்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் மின்னி ஒரு தடவைகூட மேடைக்கு வருவதில்லை. அவளுடைய தட்டுமுட்டுச் சாமான்களே அவள் வேஷத்தைக் கட்டி ஆடுகின்றன.

உத்திரமேரூர் பக்கம் சாலவாக்கத்தில் இதைக் கூத்தாகக் கட்டினால், ஜாடி இருந்த இடத்தில் இட்லிமாவுப் பாத்திரத்தை வைக்கலாம். அது ஒரு கடிகாரம். மாவில் பெருகும் நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். சித்திரையில் சில மணி நேரத்தில் பொங்கும். மார்கழியில் ராத்திரி முழுக்க எடுக்கும். பொங்கி வழிந்து, நடுவில் அமுங்கி, புளிப்பு மூக்கைத் துளைத்தால், கரைத்து வைத்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. தண்ணீர் தெளித்த வாசலில் கோலம் இல்லையென்றால் கணக்கு இன்னும் நெருக்கம்: தெளிப்பதற்கும் புள்ளி வைப்பதற்கும் நடுவே எத்தனை நிமிஷம் இருந்துவிடும்? இதெல்லாம் எந்த இன்ஸ்பெக்டரின் மகஜரில் ஏறும்!

நாடகத்துக்கு அடியில் ஒரு நிஜ வழக்கு இருக்கிறது. 1900 டிசம்பரில் அயோவா மாநிலத்தில் ஜான் ஹோசாக் என்ற விவசாயி படுக்கையிலேயே கோடரியால் வெட்டப்பட்டார். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்ன மனைவி மார்கரெட் கைதானார். அந்த வழக்கைப் பத்திரிகைக்கு எழுதிய இளம் நிருபர்தான் கிளாஸ்பெல். கோடரியில் இருந்தது வான்கோழி அறுத்த ரத்தம் என்றது மார்கரெட் தரப்பு. மனித ரத்தமா, பறவை ரத்தமா என்று பிரித்தறியும் சோதனையை 1901 பிப்ரவரியில்தான் ஜெர்மனியில் பால் ஊலன்ஹூட் வெளியிட்டிருந்தார். மனித ரத்தத்தை முயலுக்கு ஊசி போட்டால் அதன் உடம்பில் ‘எதிர்ச்சீரம்’ உண்டாகும்; மனித ரத்தத்தின் புரதத்தைப் பிடித்துத் திரளவைக்கும் நீர் அது. கறையைக் கரைத்து அதோடு சேர்த்தால், மனித ரத்தம் கலங்கும். வான்கோழி ரத்தம் தெளிவாகவே நிற்கும். என்ன அழகான தந்திரம்!

அயோவாவில் விசாரணை நடந்தது அதற்கு இரண்டே மாதம் கழித்து. ஜூரிகள் அத்தனை பேரும் ஆண்கள். மார்கரெட் குற்றவாளி என்றார்கள்; ஆயுள் தண்டனை கிடைத்தது. 1902-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1903 மறுவிசாரணையில் ஜூரிகள் ஒருமிக்கவில்லை. மூன்றாவது விசாரணை நடக்கவே இல்லை.