டர்போ வண்டிக்கு எந்த மானி?

கொல்லன் உலையில் துருத்தி செய்யும் வேலையைத்தான் மோட்டார் எஞ்சினில் டர்போவும் சூப்பர்சார்ஜரும் செய்கின்றன. காற்றை மிகுதியாக ஊட்டினால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம். சிறிய எஞ்சினிலிருந்து பெரிய எஞ்சினின் வலுவைப் பெறலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு துருத்தியை இயக்குவது எது என்பதே. சூப்பர்சார்ஜரை எஞ்சின் ஒரு பெல்ட்டின் வாயிலாகச் சுழற்றுகிறது. டர்போவையோ வெளியேறும் எரிபுகை சுழற்றுகிறது. இம்முறைக்கு ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். இன்று நம் நாட்டில் டர்போ இல்லாத புதிய டீசல் காரைக் காண்பது அரிது. சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் அது வந்துவிட்டது.

உலையை அளவுக்கு மேல் ஊதினால் காய்ச்சும் இரும்பே கெட்டுவிடும் அன்றோ? அவ்வாறே காற்றூட்டிய எஞ்சினும் தன் வெப்பத்தால் தானே கெடக்கூடியது. ஆதலின், வலுவைக் கூட்டிக்கொண்டவர்களும் நெடுந்தூரம் மலைச்சாலைகளில் செல்பவர்களும் தொழிற்சாலை தந்த மானிகள் போதா என்று கருதி, மேலும் சிலவற்றைப் பொருத்த விரும்புகின்றனர். கடைவீதியில் இவற்றுக்கு மீட்டர் என்றும் கேஜ் என்றும் பெயர். எப்பெயரால் கேட்டாலும் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது பூஸ்ட் மீட்டராகவே இருக்கும். அதன் முள் துள்ளி எழுவது கண்ணுக்கு இனியது. ஆனால் முள் காட்டும் கெடுதி எது, அது தெரிந்த பின் எஞ்சினைக் காப்பாற்ற நமக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்ட பிறகே மானியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

மக்களுக்கு விற்பதற்கென்று டர்போ கார்கள் முதன்முதலில் தோன்றியது அமெரிக்காவில், 1962-ஆம் ஆண்டில். ஒரே நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் இரு பிரிவுகள் அவ்வாண்டில் இரண்டு வண்டிகளை வெளியிட்டன. செவர்லே பிரிவின் கோர்வேர் மோன்சா ஸ்பைடர் காற்றால் குளிரும் எஞ்சினைக் கொண்டது. அதில் ரேடியேட்டர் இல்லை, நீரும் இல்லை. எனவே அதற்கு நீரின் வெப்பத்தைக் காட்டும் மானி பயன்படாது. அதனை வடிவமைத்தோர் சிலிண்டர் தலையின் வெப்பத்தையே காட்டும் மானியையும், உறிஞ்சு குழாயின் அழுத்தத்தைக் காட்டும் மானியையும் வைத்தனர். அந்த எஞ்சின் எங்கே நலியுமோ அங்கே கண்ணை வைத்தனர் என்று சொல்லலாம். ஓல்ட்ஸ்மொபைல் பிரிவின் ஜெட்ஃபயர் வேறு வகையானது. அதில் எரிபொருள் காலம் தவறி வெடித்து எஞ்சினைத் தட்டாதிருக்க, நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து தெளித்தனர். தொட்டி காலியானால் காற்றழுத்தம் தானே குறைந்துவிடும். உரிமையாளர் பலர் அத்தொட்டியை நிரப்பவே இல்லை. இறுதியில் 1965-இல் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்ப்யுரேட்டரைப் பொருத்திக்கொள்ள நிறுவனமே வழி செய்து கொடுத்தது. வண்டி ஓட்டுபவர் கவனிக்காத எச்சரிக்கையால் பயன் இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சாதாரண பெட்ரோல் ஒரு பங்கு முழுதும் எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். டர்போ அழுத்தம் ஏறும்போது எரிபொருளைச் சற்று மிகுதியாகக் கொடுத்து எரியறையைக் குளிரச் செய்வது வழக்கம். எரிபொருள் பம்பு தளர்ந்தாலோ வடிகட்டி அடைபட்டாலோ அந்த மிகுதி கிடைக்காமற் போகும், கலவை வறண்டுவிடும். அப்பொழுது வெப்பம் ஏறி, கலவை காலம் தவறி வெடிக்கத் தொடங்குகிறது. அலுமினியம் ஏறத்தாழ 660 டிகிரி செல்சியஸில் உருகும் உலோகம். எரியறையின் வெப்பமோ அதைவிடப் பன்மடங்கு மிகுதி. பிஸ்டன் பிழைத்திருப்பது அதன் மேல் படியும் மெல்லிய குளிர்ந்த காற்றுப் படலத்தாலும், சுற்றிலும் ஓடும் எண்ணெயாலும் நீராலுமே. வெடிப்பு அப்படலத்தைக் கலைத்துவிட்டால் சில நொடிகளில் பிஸ்டன் துளைபட்டுப் போகலாம். ஆதலின் வலுக்கூட்டிய பெட்ரோல் வண்டிக்கு முதல் இடம் கலவைமானிக்கே உரியது என்பது நம் கருத்து.

ஆனால் எல்லாக் கலவைமானிகளும் ஒன்றல்ல. வண்டிகள் பலவற்றில் இயல்பாக உள்ள குறுகிய வீச்சுச் சென்சர், கலவை நடுநிலைக்கு மேலா கீழா என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. அதனோடு இணைத்து வண்ண விளக்குகள் ஓடும் மலிவான மீட்டர்கள் அழகுப் பொருள்களே. அகன்ற வீச்சுச் சென்சர் கொண்ட மானியே வேண்டும். நம் நாட்டில் மற்றொன்றையும் நோக்க வேண்டும். இன்று பெட்ரோல் நிலையங்களில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக வழங்கப்படுகிறது. இது முழுதும் எரிய ஏறத்தாழ 13.5 பங்கு காற்றே போதும். மானியோ 14.7 என்ற பழைய கணக்கில் எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும். லாம்டா என்ற அளவில் காட்டும் மானியில் இக்குழப்பம் இல்லை. எந்த எரிபொருளாயினும் அதில் 1 என்பது நடுநிலை. முழு அழுத்தத்தில் 0.8 அளவில் நின்றால் பொதுவாக நலம்.

டீசல் வண்டிக்கு இக்கணக்கு தலைகீழாக மாறுகிறது. டீசல் எஞ்சினில் காற்று எப்பொழுதும் தேவைக்கு மேலாகவே இருக்கும். அங்கே எரிபொருள் கூடினால் வெப்பம் ஏறும். வலுக்கூட்டிய டீசல் வண்டி பாரத்தோடு நீண்ட மலையேற்றத்தில் செல்லும்போது எரிபுகையின் வெப்பம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். இங்கே நமக்கு நேரம் இருக்கிறது. முள்ளைக் கண்டு ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தலாம். ஆகவே டீசலுக்கு எரிபுகை வெப்பமானியே ஏற்றது. டர்போவுக்கு முன்னால் அளக்கும்போது 700 முதல் 750 டிகிரியை நீடித்துத் தாண்டாமற் பார்த்துக்கொள்வது பட்டறைகளில் கைக்கொள்ளும் வரம்பு. சென்சரை டர்போவுக்குப் பின்னால் வைப்பது எளிது. ஆனால் அங்கே வெப்பம் நூறு டிகிரிக்கும் மேலாகக் குறைந்து தெரியக்கூடும் என்பதால், அது பொய்யான ஆறுதலையே தரும்.

எண்ணெய் அழுத்தமானியை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. அதில் காட்சி ஒன்றும் இல்லை. ஆயினும் டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், சிறிய டர்போக்களில் இரண்டு லட்சம் வரை, எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தவாறு சுழல்கிறது. எண்ணெய் நின்றால் அதன் ஆயுள் அத்தோடு முடிந்தது. டாஷ்போர்டில் உள்ள சிவப்பு எண்ணெய் விளக்கு, அழுத்தம் ஏறத்தாழ முழுதும் வீழ்ந்த பின்னரே எரிகிறது. மானியோ பல நாட்களாகச் சிறிது சிறிதாகக் குறைந்துவரும் அழுத்தத்தை முன்கூட்டியே காட்டும். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு அழுத்தம் என்பது பழைய மெக்கானிக்குகளின் தோராயக் கணக்கு. சூடான எண்ணெயை மெல்லிய குழாய் வழியாக வண்டியின் உள்ளேயே கொண்டுவரும் பழைய வகை மானியை நாம் பரிந்துரைக்கமாட்டோம். குழாய் விட்டுப்போனால் கால்களின் மேல் கொதிக்கும் எண்ணெய் சிந்தும். மின்சென்சர் வகையே தக்கது.

தொழிற்சாலை தரும் நீர் வெப்பமானியைப் பற்றியும் ஒரு சொல். புதிய கார்கள் பலவற்றில் அதன் முள் நெடிய வெப்ப எல்லை முழுவதிலும் நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. வாங்கியவர் அஞ்சி ஓடிவராமலிருக்கவே இந்த உபாயம் போலும். உண்மை எண்ணை வண்டியின் பழுதறி இணைப்பில் சிறு கருவியைச் செருகிக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அதற்கென்று தனி மானி வாங்க வேண்டியதில்லை.

இனிப் பூஸ்ட் மீட்டர். அதுவும் வீணன்று, குழாய் கழன்றதையும், அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு இறுகி அழுத்தம் எல்லை மீறியதையும் அது காட்டும். சூப்பர்சார்ஜர் வண்டியில் சுற்று ஏற ஏற அழுத்தம் தளர்ந்தால், பெல்ட் வழுக்குகிறது என்று அறியலாம். ஆனால் மலைமேல் அதன் பேச்சை அப்படியே நம்பலாகாது. அது சுற்றியுள்ள காற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தையே காட்டுகிறது. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். 3,500 மீட்டர் உயரமுள்ள லே நகரில் 0.65 பார். முள் இரண்டு இடத்திலும் 0.5 என்று நின்றாலும், எஞ்சினுக்குக் கிடைப்பது கீழே 1.5, மேலே 1.15. கணிப்பொறி ஆளும் புதிய வண்டிகள் இக்குறையை ஈடுசெய்ய முயலும். அப்பொழுது டர்போ வழக்கத்தைவிட விரைந்து சுழல, முள் வழக்கத்துக்கு மேல் ஏறும். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உயரத்தில் டர்போவை நெடுநேரம் வாட்டுவதும் நன்றன்று.

பார்வை சாலையில் இருக்க வேண்டியவருக்கு மூன்று மானிகளுக்கு மேல் சுமையே. எல்லை மீறினால் ஒலியோ விளக்கோ தரும் மானிக்குச் சற்று அதிக விலை கொடுக்கலாம். ஜெட்ஃபயர் உரிமையாளரைப் போன்றோர் நம்மிலும் உண்டு. முன்கண்ணாடியை ஒட்டிய தூணில் மானியைப் பொருத்துவது நாகரிகமாகிவிட்டது. அத்தூணுக்குள் காற்றுப்பை மடிந்திருக்கும் வண்டிகளில் அது விபத்தின்போது தலையைத் தாக்கும் எறிபொருளாகும். ஸ்டியரிங்குக்கு அருகே டாஷ்போர்டின் மேல் வைப்பதே மேல்.

மானியைப் பொருத்திய முதல் வாரத்தில், எஞ்சின் நலமாக இருக்கும்போதே, குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் நின்றபடி ஓடும்போதும் 3,000 சுற்றிலும் ஒவ்வொரு முள்ளும் எங்கே நிற்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். சீட்டை வண்டிப் புத்தகத்தோடு வைத்துவிட்டு, எண்ணெய் மாற்றும்போதெல்லாம் புதிய எண்களை அதன் அடியில் குறித்துவந்தால், பட்டறையில் மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்விக்கு விடை கையிலேயே இருக்கும்.