ஹெரால்டும் ஜீப்பும்: கார்பரேட்டர் தேடி எல்லை தாண்டும் வண்டிக்காரர்கள்

பாலக்காட்டிலிருந்து கோயம்புத்தூர் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஐம்பது கிலோமீட்டர் பெரிய வரம். கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்தவர்களுக்குப் பொள்ளாச்சியும் கைக்கெட்டும் தூரம். இடுக்கியில் பூப்பாறைக்காரர்கள் போடிக்கு இறங்குகிறார்கள், குமுளிக்காரர்கள் கம்பத்துக்கு. மஞ்சள் பையில், பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இந்த வழிகளிலெல்லாம் பஸ்ஸேறிப் போய் வருகிறது. உள்ளே இருப்பது கார்பரேட்டர்.

பழைய வண்டிக்கு டயர் கிடைக்கும், பேட்டரி கிடைக்கும். தகடு இற்றுப்போனால் வெல்டிங் வைக்கலாம். சீட் கிழிந்தால் ரெக்சின் இருக்கிறது. டாங்க்கிலிருந்து எஞ்சினுக்குள் பெட்ரோல் போகும் வழியில் இருக்கிற சாமான்களின் சங்கதி வேறு. பம்ப்பின் டயாபிரம், கார்பரேட்டரின் ஊசி வால்வு, மிதவை, ஜெட் எல்லாம் அந்தந்த எஞ்சினுக்கு அளவெடுத்துச் செய்தவை. ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு பிசகினாலும் போதும், வண்டி இருமும், கரும்புகை கக்கும், ஏற்றத்தில் மூச்சுவாங்கி நின்றுவிடும். இவற்றைச் செய்த ஆலைகளோ வேறு வேலைக்குப் போய்விட்டன.

ஸ்போர்ட்ஸ் காரின் உறவுக்காரன்

ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனி 1959இல் வெளியிட்ட கார் இது. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் இங்கேயே தயாரானது. 1970களின் தொடக்கத்தில் கசெல் என்ற பெயரில் உருமாறி, 1977 வாக்கில் நின்றுபோனது. அந்தக் கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரோடு மறுபடி வந்து பார்த்தது, நிலைக்கவில்லை. ஆக, தாய் வீடு இல்லாத கார் ஹெரால்டு. முன்பக்க மூடியை இரண்டு சக்கரத்து மட்கார்டுகளோடு சேர்த்து ஒரே தூக்காகத் தூக்கினால் எஞ்சின் முழுவதும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். மெக்கானிக்குகளுக்கு இதனாலேயே அந்தக் கார் மீது ஒரு தனிப் பிரியம்.

இந்த அநாதைக்கு வெளிநாட்டில் ஒரு சொந்தம் இருக்கிறது. ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி, அதே குடும்பத்து எஞ்சினை வைத்து, இரண்டு பேர் உட்காரும் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை 1962இல் டிரையம்ப் கொண்டுவந்தது. 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள். அதைப் போற்றி வைத்திருப்பவர்கள் பிரிட்டனில் இன்றும் ஏராளம். அவர்களுக்கு வேண்டும் என்பதால் பம்ப் டயாபிரமும், காஸ்கெட்டும், ஊசி வால்வும் அங்கே இன்னும் தயாராகின்றன. எஸ்.யூ. கார்பரேட்டர்களையே புதிதாகச் செய்து விற்கும் பர்லென் என்ற கம்பெனி இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் இருக்கிறது. சோலெக்ஸ், ஜெனித் வகைகளுக்கும் ரிப்பேர் கிட் தருகிறது. பாலக்காட்டுக் கொட்டகையில் நிற்கும் ஹெரால்டுக்கு இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் புண்ணியம் கட்டிக்கொள்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தபாலில் வரவழைத்தால் பணம் நஷ்டம். ஸ்பிட்ஃபயரில் பெரும்பாலும் இரட்டை எஸ்.யூ. கார்பரேட்டர் இருக்கும். அதில் ஒரு பிஸ்டன் காற்றின் இழுப்புக்கு ஏற்ப ஏறி இறங்க, கூரான ஊசி ஒன்று பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடும். நம் ஊர் ஹெரால்டில் பெரும்பாலும் ஒற்றை சோலெக்ஸ். அதில் துளை நிலையானது; ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணே துளையின் அளவு. 110 என்றால் 1.10 மில்லிமீட்டர். கேட்கப் போகிறவர் காரின் பெயரைச் சொல்வதைவிடக் கார்பரேட்டரின் உடம்பில் பொறித்த எழுத்தையும் எண்ணையும் சொல்வது மேல்.

சோலெக்ஸுக்குச் சென்னையே ஒரு காலத்தில் தலைமையிடம். கார்பரேட்டர்ஸ் லிமிடெட் என்ற ஆலை அங்கே அவற்றைச் செய்தது. அந்தக் குடும்பத்திலிருந்தே 1985இல் ஜப்பானின் மிகுனியோடு சேர்ந்து யூகால் வந்தது. 2000ஆம் ஆண்டையொட்டிப் புகை விதிகள் இறுகியதும் புதுக் கார்களிலிருந்து கார்பரேட்டர் மறைந்து, கம்ப்யூட்டர் கட்டளைக்குப் பெட்ரோல் தெளிக்கும் முறை வந்துவிட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது மோட்டார் சைக்கிளும் அந்த வழிக்குப் போனது. அதன்பின் கடைகளில் மிச்சம் இருப்பது பழைய இருப்பும், வண்டி உடைப்பவர்கள் கழற்றிப் போட்டதும்தான். சென்னைப் புதுப்பேட்டையில் இன்னும் ஆசையோடு தோண்டினால் அகப்படும். கோயம்புத்தூரில் அம்பாசடருக்கும் பியட்டுக்கும் எளிதாகக் கிடைக்கிறது. ஓடிய வண்டிகள் அதிகம், அதனால் உடைந்த வண்டிகளும் அதிகம். ஹெரால்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

மலைக்கு மேலே வேறு கணக்கு

இடுக்கியில் காரைவிட ஜீப்தான் ராஜா. மகிந்திரா கம்பெனி 1940களின் இறுதியில் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. எஸ்டேட் ரோடுகளுக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி வேறு வாய்க்கவில்லை. பெட்ரோல் ஜீப்போடு வந்த அமெரிக்கக் கார்டர் கார்பரேட்டர் பழுதானபோது பலரும் அதைக் கழற்றிவிட்டு சோலெக்ஸை ஏற்றினார்கள். ஜீப்புக்குச் சாமான் பஞ்சம் அவ்வளவாக இல்லை. ஹரியானாவில் மண்டி டப்வாலி என்ற ஊரே பழைய ஜீப்பைப் புதுப்பிப்பதில் பேர்போனது. கிடைக்கிற சாமான் மலைக்குச் சரிப்படுமா என்பதுதான் இங்கே கேள்வி.

மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரில் சரியாக ஓடிய ஜெட் மூணாற்றில் தேவைக்கு மேல் பெட்ரோல் ஊற்றும். பிளக் கறுக்கும், மைலேஜ் இறங்கும், இழுவை போகும். ஒரு எண் சிறிய ஜெட் போட்டால் தீரும் கோளாறுக்கு எஞ்சினையே பிரித்துப் பார்த்துச் செலவழித்தவர்கள் உண்டு. அதே சிறிய ஜெட்டோடு கீழே தேனி வெயிலில் ஓட்டினால் எஞ்சின் சூடேறும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. மலையிலும் சமவெளியிலும் மாறி மாறி ஓடும் வண்டிக்கு நடுத்தரமான ஓர் எண்ணைத் தேடிப் பிடிப்பது மெக்கானிக்கின் கைப்பழக்கம்.

இன்னொரு தொல்லை பெட்ரோல் ஆவியாவது. பழைய வண்டிகளில் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். பங்குனி, சித்திரையில் போடிமெட்டு வளைவுகளில் முதல் கியரிலும் இரண்டாவதிலும் முக்கி ஏறும்போது பம்ப் கொதித்து, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தை இழுக்கச் செய்த பம்ப் ஆவியை இழுக்காது. வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டு, கால் மணி நேரம் காத்திருந்து கிளப்புவது பழைய டிரைவர்களின் வைத்தியம். அப்படி அடிக்கடி நின்றால் டயாபிரம் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

விடிவதற்கு முன் போடி, கம்பம், கூடலூர்ப் பக்கங்களிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் இப்போது பெரும்பாலும் டீசல். அவற்றுக்குக் கார்பரேட்டர் கிடையாது, பம்ப்பும் நாசிலும். பெங்களூரில் 1951இல் தொடங்கிய மைக்கோ கம்பெனிதான் இந்தச் சாமானுக்குப் பெயர் வாங்கியது. 2008இல் அது பாஷ் என்று பெயர் மாறியது. டாங்க்கில் டீசல் குறைந்திருக்கும்போது செங்குத்தில் ஏறினால் குழாய் காற்றை இழுத்துக்கொள்ளும். நைந்த செப்பு வாஷரும் அதே வேலையைச் செய்யும். ஒரு வாஷருக்குச் சோம்பல்பட்டால் வண்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போகும். மலைப்பாதை வளைவில், பனிமூட்டத்தில், நின்ற வண்டி பின்னால் வருபவனுக்கும் ஆபத்து.

பெட்ரோலே மாறிவிட்டது

பழைய பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு இப்போது புதிய தலைவலி எத்தனால். கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் எடுக்கும் இந்தச் சாராயம் 2022இல் பெட்ரோலில் பத்து சதவீதத்தை எட்டியது; 2025இல் இருபதாயிற்று. பழைய கார்களின் ரப்பர் குழாயும் டயாபிரமும் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. நாளடைவில் ஊதும், இளகும், பிறகு வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். இடவப்பாதி மழையில் மாதக்கணக்காகக் கொட்டகையில் நிற்கும் வண்டியின் டாங்க்கில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். பழைய டாங்க்கின் பிசினைக் கரைத்து ஜெட்டில் கொண்டுவந்து அடைப்பதும் உண்டு.

நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே, கலப்பில்லாப் பெட்ரோலுக்கு வடிவமைத்துப் பத்து சதவீதத்துக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று சொன்னது. 2025இல் எழுந்த புகார்களுக்குப் பதில் சொன்ன மத்திய அரசு பெரிய சேதம் இல்லை என்றது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களையும் காஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு குறைவுதான் என்றும் சொன்னது. புதிய மாடலுக்கு அது சரி. சாமானே கிடைக்காத ஹெரால்டுக்காரரிடம் செலவு குறைவு என்று சொன்னால் அவர் சிரிப்பார்.

பல பழைய எஞ்சின்களில் கார்பரேட்டருக்குக் கீழேதான் சூடான புகைக்குழாய் ஓடுகிறது. வெடித்த ஹோஸிலிருந்து சொட்டும் பெட்ரோல் அதன் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே மற்றதில் எங்கே மிச்சம் பிடித்தாலும் ஹோஸில் பிடிக்கக்கூடாது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை வெட்டி மாட்டுவதும், கம்பியால் முறுக்கிக் கட்டுவதும் தற்கொலைக்குச் சமம். ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். உள்பக்கம் வைட்டான் வகை ரப்பர் பூசிய அந்தக் குழாய் எத்தனாலைத் தாங்கும். டயாபிரம் கிட் வாங்கும்போதும் எத்தனால் தாங்குமா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பழைய பாகத்தையே காப்பாற்றப் பார்க்கிறவர்களுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கார்பரேட்டரின் பித்தளை மிதவையைக் கழற்றி வெந்நீரில் அமுக்கினால், துளை இருக்கும் இடத்தில் குமிழி வரும். துளை இருந்தால் மிதவைக்குள் பெட்ரோல் ஏறி அது மூழ்கும்; ஊசி வால்வு மூடாது, பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். உள்ளே ஏறிய பெட்ரோலை முழுக்க வெளியேற்றிய பிறகே ஈயம் வைக்க வேண்டும். அடைத்த ஜெட்டைச் சைக்கிள் கம்பியால் குத்துகிறார்கள். கூடாது. துளை பெரிதாகிவிட்டால் பொறித்த எண்ணுக்கு அர்த்தமில்லை. காற்றடித்தால் போதும்.

காகிதச் செலவும் கூடிவிட்டது. 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கினார்கள். 50 ஆண்டு கடந்த கார்களுக்கு வின்டேஜ் பதிவு என்று 2021இல் ஒரு தனி வழி திறந்தது. ஹெரால்டுகளுக்கு அந்த வயது ஆகிவிட்டது; ஆனால் அந்தப் பதிவில் வாடகைக்கு ஓட்ட முடியாது, அன்றாட வேலைக்கும் எடுக்க முடியாது. ஒரு சிறிய நல்ல சேதி: 2025 செப்டம்பரில் மோட்டார் உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. பில் கேட்டு வாங்குபவர்களுக்கு அது தெரியும்.

கடைக்குப் போகிறவர்கள் பழைய பாகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது உத்தமம். மேலே பொறித்த எண் அழுக்கில் மறைந்திருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துணியால் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எண்ணும் சேர்ந்து போய்விடும். பஸ்ஸில் எடுத்துப் போவதாக இருந்தால் உள்ளே ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட இல்லாமல் வடித்து உலர்த்திக்கொள்ள வேண்டும்.