நிறுத்திய மூன்றாம் நாள்

2015 செப்டம்பரில் தெலங்கானா கலால் துறை கலப்படக் கள்ளின் மீது கை வைத்தது. கடை கடையாகச் சோதனை, வழக்கு, பூட்டு. அடுத்த சில நாட்களில் நிஜாமாபாத், மேதக், மகபூப்நகர் பக்கத்து அரசு மருத்துவமனைகளுக்கு ஆட்கள் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். கை நடுங்கியது, வலிப்பு வந்தது, எதையெதையோ பிதற்றினார்கள். உயிர்களும் போயின. இவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது அன்றைக்குக் குடித்த கள் அல்ல. அன்றைக்குக் கிடைக்காமல் போன கள்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்: நீண்ட நாள் குடித்தவர் மருத்துவ உதவி இல்லாமல் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. ஆஸ்பத்திரி தூரமாக இருக்கும் கிராமத்தில் அந்த ஆபத்து இன்னும் பெரிது. குடியை விடச் சொல்லும் யாரும், விட்ட முதல் வாரத்தை எங்கே கழிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்.

தெலங்கானாவில் கள் என்ற பெயரில் விற்பதில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். மரத்திலிருந்து இறக்கிப் புளித்த கள்ளில் ஆல்கஹால் சுமார் 4 முதல் 6 சதவீதம். ஆனால் குடிக்கிற கூட்டத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு ஈச்ச மரமும் பனையும் கிடையாது. ஆகவே தண்ணீரும் சாக்கரினும் சேர்கின்றன. நீர்த்துப்போன போதையைத் தூக்கிநிறுத்த குளோரல் ஹைட்ரேட், டயஸிபாம், அல்பிரஸோலம் என்று தூக்க மருந்துப் பொடிகள் கலக்கப்படுகின்றன. 1 கிலோ அல்பிரஸோலத்தில் 0.5 மில்லிகிராம் மாத்திரைகள் 20 லட்சம் செய்யலாம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் இதில் 100 கிராமையே வணிக அளவாக வைத்திருக்கிறது. அந்தப் பொடியை ஒரு கள்ளு காம்பவுண்டில், அதாவது கள்ளுக்கடையில், கை அளவாகக் கலக்கிறார்கள். எந்தப் பாட்டிலில் எவ்வளவு போயிற்று என்று கலந்தவருக்கே தெரியாது. 2025 ஏப்ரலில் காமாரெட்டி மாவட்டம் நஸ்ருல்லாபாத் மண்டலத்தின் ஊர்களிலும், அதே ஆண்டு ஜூலையில் ஹைதராபாத் கூக்கட்பல்லியிலும் கள் குடித்தவர்கள் கூட்டமாக விழுந்தார்கள். கூக்கட்பல்லியில் பலர் இறந்தும் போனார்கள்.

அளவு கூடினால் ஒருவித ஆபத்து, அறவே நின்றுபோனால் இன்னொரு வித ஆபத்து. ஆல்கஹாலும் இந்தத் தூக்க மருந்துகளும் மூளையின் வேகத்தை அடக்குகிறவை. வருடக்கணக்கில் பிரேக்கை மிதித்தபடியே வண்டி ஓட்டினால் அதை மீறி ஓட எஞ்சின் பழகிக்கொள்ளும். திடீரென்று காலை எடுத்தால் வண்டி பிய்த்துக்கொண்டு பாயும். மூளையிலும் அதுவே நடக்கிறது. கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும், தூக்கம் வராது. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், சொந்தப் பிள்ளையை யாரென்று கேட்பார்கள், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். இந்த நிலைக்கு வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்த காலம் உண்டு. இன்று முறையான சிகிச்சை கிடைத்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே. சிகிச்சை கிடைக்காத இடத்தில் பழைய காலம் இன்னும் முடியவில்லை.

மூன்றாம் நாள் வரும் இந்தத் தடுமாற்றத்தைக் கிராமங்களில் பேய் பிடித்ததென்றும் காற்றுக் கருப்பென்றும் எடுத்துக்கொள்கிறார்கள். மந்திரிக்கப் போகும் ஒரு நாளில் ஆள் கைநழுவிப் போகிறார். கோயிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொள்வது, மாலை போடுவதற்காக ஒரே காலையில் விட்டுவிடுவது இரண்டும் நல்ல மனதோடு செய்கிற காரியங்கள்தான். அந்த மன உறுதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஒரு வாய் குடித்தால்தான் நடுக்கம் அடங்கும் என்ற நிலையில் இருப்பவர், முன்பு விட்டபோது வலிப்பு வந்தவர், கலப்படக் கள்ளிலேயே பழகியவர் ஆகியோர் டாக்டரைப் பார்த்த பிறகே மாலை போட வேண்டும். 2020 மார்ச் ஊரடங்கில் மதுக்கடைகளும் கள்ளுக்கடைகளும் ஒரே நாளில் மூடியபோது, ஹைதராபாத் எர்ரகட்டா மனநல மருத்துவமனையின் வாசலில் 2015இல் கண்ட காட்சியே மறுபடி நடந்தது.

ஹைதராபாத்தில் நான் இருக்கும் ஏ.எஸ்.ராவ் நகர், இ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கிய அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரில் எழுந்த குடியிருப்பு. அந்த நிறுவனத்தில் வேலைக்காக அறுபதுகளின் இறுதியிலிருந்து வந்து சேர்ந்தவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இன்று இங்கே அபார்ட்மென்ட் வாட்ச்மேன்களும், வீட்டுவேலை செய்யும் பெண்களும், கட்டட வேலைக்காரர்களும் தெலங்கானாவின் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஊரில் ஒருவர் குடியால் படுத்துவிட்டால் முதலில் வரும் போன் இவர்களுக்குத்தான். 'பட்டணத்தில் குடியை விடவைக்கும் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது?' என்ற கேள்வி அவர்கள் வழியாக நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. பதில் தெரியாமல் நாம் ஒரு விளம்பர நம்பரைக் கொடுத்தனுப்புகிறோம். நாம் செய்யும் பிழை அது.

எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு 2019இல் வெளியானது. குடிப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுவோர் நாட்டில் 5.7 கோடி என்றது அது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். சிகிச்சை கிடைக்காத மற்றவர்களை நம்பி ஒரு வியாபாரம் நடக்கிறது.

அதில் முதலாவது பொடி. 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்ற நோட்டீஸ் ஒட்டாத பஸ் ஸ்டாண்டு தமிழ்நாட்டிலும் இல்லை, இங்கும் இல்லை. இப்படிக் கலந்து கொடுக்கப்படுவனவற்றில் டைசல்ஃபிராம் என்ற மருந்தும் உண்டு. நோயாளி முழுதாக அறிந்து, சம்மதித்து, டாக்டரின் கண்காணிப்பில் எடுத்தால் அது பயனுள்ள மருந்து. தெரியாமல் உள்ளே போய், அதன் மேல் அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். இதயம் பலவீனமானவர் எழாமலே போகலாம். மனைவியோ தாயோ சோற்றில் கலந்த கையோடு அதைப் பார்த்து நிற்க நேரும்.

இரண்டாவது, ஊரில் ஊசி போடும் ஆர்.எம்.பி. டாக்டர் ஏற்றும் குளுக்கோஸ் டிரிப். குடிப்பவர் உடம்பில் தயாமின் என்ற பி-1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸை ஏற்றினால் மிச்சமிருக்கும் தயாமினும் தீர்ந்து, கண் அசைவும் நடையும் நினைவும் நிரந்தரமாகக் கெடலாம். தயாமின் ஊசி விலை குறைந்தது. தெரிந்தவர் கையில் இருந்தால் போதும்.

மூன்றாவது, நகர எல்லையில் வாடகை வீடெடுத்து நடத்தும் பதிவில்லாத மையம். 'மூன்று மாதம், ஆறு மாதம் விட்டுவிட்டுப் போங்கள், போன் பண்ணாதீர்கள், வண்டி அனுப்பி நாங்களே தூக்கி வருகிறோம்' என்பார்கள். களைத்துப்போன குடும்பத்துக்கு அது வரமாகத் தோன்றும். 2022இல் சென்னை ராயப்பேட்டையில் இத்தகைய மையம் ஒன்றில் சேர்க்கப்பட்டவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவாகி, நடத்தியவர்கள் கைதானார்கள். ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அவர்களையும் வீட்டார் குணமாகட்டும் என்றுதான் கொண்டுவந்து விட்டிருந்தார்கள்.

2017இன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகள் அதன் வரம்புக்குள் வருகின்றன. ஆகவே அவற்றுக்கு உள்நோயாளியாகச் சேர்க்கும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சம்மதிக்கும் நிலையில் இல்லாதவரை உறவினர் கேட்டுச் சேர்ப்பதானால், மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் முதல் வரம்பு 30 நாள். சங்கிலியால் கட்டுவதும் தனியறையில் அடைப்பதும் கூடாது. நோயாளிக்குப் பார்வையாளரைச் சந்திக்கவும் போனில் பேசவும் உரிமை உண்டு. பதிவில்லாமல் நடத்தினால் முதல் தடவை அபராதம் 5,000 முதல் 50,000 ரூபாய் வரைதான். ஒருவரிடம் வாங்கும் ஒரு மாதக் கட்டணத்தில் அடைத்துவிடக்கூடிய தொகை அது. எனவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. நேரில் போய்ப் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். இரவில் வலிப்பு வந்தால் பார்ப்பது எந்த டாக்டர், அவர் எத்தனை நிமிடத்தில் வருவார் என்று கேட்க வேண்டும். சேர்த்த வாரத்திலேயே வந்து பார்க்கலாமா என்றும் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு இல்லை என்றால் அப்படியே திரும்பிவிடலாம்.

சரியான இடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உள்ளே போனதும் பணம் பற்றிய பேச்சு வராது. கடைசியாகக் குடித்தது எப்போது, எவ்வளவு, முன்பு ஃபிட்ஸ் வந்ததுண்டா என்பார்கள். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வார்கள். உள்ளங்கை வியர்வையைத் தொட்டுப் பார்ப்பார்கள். இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று கேட்பார்கள். தோலில் ஏதாவது ஊர்வதுபோல் இருக்கிறதா, சத்தம் கேட்கிறதா என்று விசாரிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, சில மணி நேரம் கழித்து அதையே மறுபடி செய்வார்கள். அந்த எண் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துத்தான் மருந்தளவு மாறும். கள்ளில் அல்பிரஸோலம் இருந்திருக்கலாம் என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் பழக்கத்தை ஐந்தாறு நாளில் முடித்துவிட முடியாது, வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும்.

எங்கே போவது? நிஜாமாபாத், காமாரெட்டி பேருந்துகள் வந்து நிற்கும் ஜூபிலி பஸ் ஸ்டேஷனிலிருந்து செகந்திராபாத் காந்தி மருத்துவமனை பக்கம்தான். எர்ரகட்டா மனநல மருத்துவமனை நகரின் மறுமுனையில், மெட்ரோ நிலையமே அந்தப் பெயரில் இருக்கிறது. ஆனால் நடுங்கிக்கொண்டிருப்பவரை நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவைக் கேளுங்கள். வலிப்போ பிதற்றலோ தொடங்கிவிட்டால் எதையும் தேடிக்கொண்டிருக்காமல் 108ஐ அழைத்து, கிட்டே உள்ள பொது மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அரசு நிதியில் இயங்கும் இலவச மறுவாழ்வு மையம் எது என்று கேட்க 14446. மனநல ஆலோசனைக்கு 14416, அதில் தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். கஞ்சா, பொடி, மாத்திரைப் பழக்கம் என்றால் போலீஸ் பிடிக்குமோ என்ற பயத்தில் பலர் ஒளிந்துகொள்கிறார்கள். சொந்தப் பயன்பாட்டுக்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்குள்ளவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முடித்தால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது.

நோயாளி நகரத்துக்கு அலையாமல், சிகிச்சையே கிராமத்துக்குப் போனதும் உண்டு. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, அந்தப் பத்தாண்டின் இறுதியில் தஞ்சைச் சீமையின் மஞ்சக்குடியில் முகாம் போட்டது. மருத்துவரும் ஆலோசகரும் ஊருக்கே போய்த் தங்கி, நடுக்கத்தை அடக்கி, இரண்டு வாரம் போல உட்காரவைத்துப் பேசி, குடும்பத்தாரையும் அழைத்து உட்காரவைத்த முயற்சி. உள்ளூரிலேயே பொறுப்பேற்க ஆள் இருந்ததால் முகாம் கலைந்த பிறகும் போய் விசாரிக்க முடிந்தது. கணவரைக் குடியால் இழந்த ஒரு பெண் கட்டியெழுப்பிய வழி இது. தெலங்கானாவில் கள்ளுக்கடைக்குப் பூட்டுப் போடும் ஒவ்வொரு தடவையும் அந்த ஊரிலேயே இப்படி ஒரு முகாமையும் திறப்பது அரசாங்கத்தால் முடியாத காரியமல்ல. சோதனைக்குப் போகும் ஜீப்புக்குப் பின்னால் ஒரு மருத்துவக் குழுவும் போக வேண்டும்.

சிகிச்சை முடிந்து திரும்பும்போது இன்னொரு ஆபத்து உண்டு. சில வாரம் விட்டவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஊர் திரும்பிய உற்சாகத்தில் பழைய அளவையே எடுத்தால், குறிப்பாக ஹெராயினும் வலிமாத்திரையும் பழகியவர்கள், மூச்சு நின்று இறந்துவிடலாம். மருந்து தீர்ந்த அன்றே பழைய நடுக்கமும் எட்டிப்பார்க்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயர், இன்றைய அளவு, எந்தத் தேதியில் எவ்வளவு குறைப்பது, அடுத்து வர வேண்டிய நாள் என்ற நான்கும் புரியும் கையெழுத்தில் இருக்கிறதா என்று வார்டை விட்டு இறங்குவதற்கு முன் பாருங்கள். ஒரு நகல் வீட்டுப் பெண்ணிடமும், இன்னொன்று ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கட்டும்.